கொதிக்க வைத்த கற்கள்

ஆவியண்ணன் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் கிடையாது. பேயோட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கித் தருகிற அறை ஒன்று தரைத்தளத்தின் கோடியில் இருக்கிறது. அந்த அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர் அவர். நர்ஸ்கள் வைத்த பெயர் அது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை.

அந்த அறையில் இருந்த இயந்திரத்தைப் பிரஷர் குக்கரின் பெரியப்பா என்று சொல்லலாம். பொட்டலங்களை உள்ளே அடுக்கி, வட்டக் கதவை இறுக்கி, ஆவியைத் திறந்துவிட்டால் முள் மெல்ல ஏறும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டிய நேரம் நின்றால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கோடு விழுந்தால் உள்ளே ஒரு கிருமியும் உயிரோடில்லை என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு வயதாகிவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். வெளியே போய்விட்டு வந்தால் செருப்பின் அடிப்பாகத்தையும் கழுவுவார். "கல்யாணமான புதுசுல என் கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தாரு இந்த மனுஷன்" என்று அவர் மனைவி உறவுக்காரர்கள் மத்தியில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுக்கமாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தம்பி நேர் எதிர். பன்னிரண்டு வயது இளையவன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் ஆவியண்ணன்தான் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கினார். அவன் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் போனான். பாதி உலகத்தைச் சுற்றினான். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கரைக்குத் திரும்பிய பிறகு ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தான். கடலை விட்டு வந்தவன் ஒரு துண்டுக் கடலைக் கையோடு கொண்டுவந்த மாதிரி, கூடத்தில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி வைத்திருந்தான். அதில் இரண்டே மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. அந்த இனத்தில் பெண்தான் பெரியது, அதிகாரமும் அதனுடையதுதான். அதனால் பெரியதற்கு 'மேடம்' என்றும் மற்றதற்குச் 'சின்னவன்' என்றும் பெயர் வைத்திருந்தான்.

ஆவியண்ணன் அங்கே போகும்போதெல்லாம் தொட்டியைப் பார்த்து முகம் சுளிப்பார். உள்ளே அடுக்கியிருந்த கற்களில் பழுப்பாகவும் ஊதாவாகவும் என்னென்னவோ அப்பிக்கிடக்கும். பொந்துகளில் புழு மாதிரி ஒன்று தலை நீட்டும். இதையெல்லாம் ஒரு தடவை எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினால் என்ன என்று கேட்பார். கழுவினால் செத்துவிடும் என்று தம்பி சிரிப்பான். எது செத்துவிடும் என்று இவர் கேட்டுக்கொண்டதில்லை.

பிறகு தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எஞ்சி நின்றது ஒரே ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அது', வலிக்கிறது என்றாலும் 'அது', அண்ணியைக் கூப்பிடவும் 'அது'. நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறதா என்று ஆவியண்ணன் மருத்துவர்களிடம் கேட்டார். பெரும்பாலும் புரியும் என்றார்கள். பெரும்பாலும் என்ற சொல் ஆவியண்ணனுக்கு ஆகாது. பெரும்பாலும் கிருமி செத்துவிட்டது என்று ஒரு பொட்டலத்தை வெளியே அனுப்ப முடியுமா?

தம்பியைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டார். தம்பி சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எவ்வளவு கெஞ்சினாலும் கண்ணைத் திறக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் கண்முன் கொண்டுவந்து வையுங்கள், முயற்சி செய்ய ஒரு காரணம் வேண்டும் அல்லவா என்று அந்தப் பெண் சொன்னாள். அண்ணிக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அந்த மீனுங்களைக் கொண்டாந்துடுங்க. அதுங்களைத்தான் தேடுறாரு தம்பி."

அதுவரை மாடி வீட்டில் வீட்டுக்காரர்தான் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஆவியண்ணன் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். மீன்களை அவற்றின் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் விட்டார். கற்களை ஈரச் சாக்கில் கட்டினார். தொட்டியைப் படிக்கட்டில் இறக்கும்போது ஒரு முனை இடித்து, அடிக் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. சுமந்தவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அதே அளவில் புதிய தொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மீன்களைத் தற்காலிகமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டு, ஹீட்டரும் காற்று மோட்டாரும் மாட்டினார்.

சாக்கைப் பிரித்ததும் நாற்றம் வீட்டைத் தூக்கியது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். புதுத் தொட்டி, புது மணல், புதுத் தண்ணீர். இதற்குள் இந்த அழுக்குக் கற்களையா வைப்பது? தம்பியின் மீன்கள் இனிமேலாவது சுத்தமான இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். இருப்பதிலேயே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். கற்களை அடுக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டுக் கொதிக்கவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக அவர் ஒரு வேலை செய்து அண்ணி பார்த்ததில்லை.

கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்த தம்பி, சமையலறையைப் பார்த்து "அது, அது" என்றான். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தான். ஆவியண்ணன் எட்டிப் பார்த்து, "இதோ ஆச்சுப்பா, நல்லா ஒரு கொதி வரட்டும்" என்றார். அடி நிற்கவில்லை. டீ கேட்கிறானோ என்று ஒரு டம்ளர் கொண்டுவந்தார். தம்பி தட்டிவிட்டான். தரையெல்லாம் டீ. வந்த நாளிலிருந்து அசையாமல் கிடந்தவனுக்கு மீன்கள் வந்ததும் எவ்வளவு தெம்பு வந்துவிட்டது பார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அவர் தரையைத் துடைத்தார்.

கற்கள் எலும்பு மாதிரி வெளுத்து வந்தன. பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, புதுத் தொட்டியில் அழகாக அடுக்கினார். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்போது 'அது' என்றுகூடச் சொல்லவில்லை.

மீன்களை இடம் மாற்றுவதற்கு முன் உப்பு அளவு சரியா என்று பார்க்கும் கருவி ஒன்று வாங்க வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரர் வாய் ஓயாதவர். பேச்சுவாக்கில், பழைய தொட்டியின் கல் இருக்கிறதா, இருந்தால் கவலையே இல்லை, மீனை நாளைக்கே விடலாம் என்றார். இருக்கிறது, நன்றாகக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்துவிட்டேன் என்று ஆவியண்ணன் பெருமையாகச் சொன்னார்.

கடைக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"சார், அந்தக் கல்லுலதான் சார் எல்லாமே இருந்தது."

பிறகு நிதானமாக விளக்கினார். மீனின் கழிவு தண்ணீரில் அமோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அதைத் தின்று வேறொன்றாக மாற்றும். இன்னொரு கிருமி அந்த வேறொன்றைத் தின்று, மீனைப் பெரிதாக வருத்தாத ஒன்றாக மாற்றும். இந்தக் கிருமிகள் குடியிருப்பது கல்லின் துளைகளில். அவை பெருகி நிலைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். அது ஆகும் முன் மீனை விட்டால், தன் கழிவிலேயே அது மூச்சுத்திணறிச் செத்துப்போகும்.

வருஷக்கணக்காக வளர்ந்த ஒரு குடித்தனத்தை அடுப்பில் ஏற்றிவிட்டோம் என்று ஆவியண்ணனுக்கு விளங்கியது. கைப்பிடியை அடித்த அந்த இடது கையும் அப்போதுதான் விளங்கியது. கிருமி சீக்கிரமாகப் பெருக ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கல் கொடுத்தால் போதும், ஆனால் தன் கடையில் இப்போது வெள்ளைப்புள்ளி நோய் ஓடுகிறது, கல்லோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும், மீன்களை இங்கே கொண்டுவந்து வைத்தாலும் அதே கதிதான் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். பாட்டிலில் அடைத்த கிருமி ஒன்று இருக்கிறது. வருகிற வழியில் லாரியில் வெயிலில் கிடந்ததால் உயிரோடு இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. ஆவியண்ணன் அதையும் வாங்கிக்கொண்டார்.

"கூடவே ஒரு பச்சை இறாலை வாங்கித் தொட்டிக்குள்ள போடுங்க. அழுகட்டும். கிருமிக்குச் சாப்பாடு வேணும்ல?" என்றார் கடைக்காரர். "அப்புறம் ஒண்ணும் செய்யாதீங்க. அதான் சார் முக்கியம்."

வீட்டில் இதைக் கேட்டு அண்ணி கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். "ஆயுசு பூரா கிருமியைக் கொன்னீங்க. இப்ப காசு குடுத்துக் கிருமி வாங்கிட்டு வந்து, அதுக்கு இறாலும் போடுறீங்களா?" என்றாள். சிரிப்புத்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆவியண்ணன் தம்பியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் இருந்த டப், அவன் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் தண்ணீரும் வெள்ளைக் கற்களும் மணலில் கிடந்த ஒரு இறாலும்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் வேலையெல்லாம் நிறத்தைப் பார்ப்பது என்றாகிவிட்டது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுக் கணக்காக விட வேண்டும். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை என்றால் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் கரும்பச்சைக்குப் போய் அங்கேயே நின்றது. அது நல்ல அறிகுறிதான், விஷம் சேர்ந்தால்தானே தின்ன ஆள் வரும் என்றார் கடைக்காரர். டப்பில் பச்சை ஏறினால் அது மரண அறிகுறி. ஆகவே டப்பின் தண்ணீரை மட்டும் தினமும் மாற்றினார். முந்தைய நாளே உப்பைக் கலந்து, சூட்டை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மெல்ல மெல்ல ஊற்றினார். இதில் அவரிடம் ஒரு குறையும் காண முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் டப்பின் சுவரில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். அவருக்குப் பொறுக்காது. துணியால் சுற்றிலும் துடைத்துவிடுவார். காற்று மோட்டாரின் குழாய் முனையில் குமிழி விடுகிற சின்னக் கல்லையும் குழாயடியில் கழுவி மாட்டுவார். கடைக்காரரிடம் தற்செயலாக இதைச் சொன்னபோது அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்த வழவழப்புக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருக்கிறோம் என்றார்.

அதன் பிறகு ஆவியண்ணன் டப்பின் பக்கம் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய இயந்திரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சக்கரம் இருந்தது. திருகினால் முள் ஏறும். இங்கே திருக எதுவுமில்லை. தொட்டியில் கிருமி வளர்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்க முடியாது. இறால் கரைந்து போயிற்று. இன்னொன்று போட்டார். பயிற்சி கொடுக்கும் பெண் வந்து தம்பியின் வலது கையைத் தூக்கித் தூக்கி விட்டுவிட்டுப் போனாள். தூக்கும்வரைதான் அது கை. விட்டால் விழுந்துவிடும்.

பல நாள் கழித்துத் தொட்டியின் கரும்பச்சை ஒரு சாயல் இறங்கியது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இறங்கியிருக்குங்க" என்றாள். மெல்ல மெல்ல இளம்பச்சைக்கு வந்தது. மஞ்சளுக்குப் போகாமல் அங்கேயே நொண்டியது.

அதே சமயத்தில் டப்பில் மேடம் நிலைகுலைய ஆரம்பித்தது. எப்போதும் சின்னவனை விரட்டிக்கொண்டிருக்கும் மீன், காற்றுக் குமிழிகளுக்கு அருகே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்தது. தீனியைத் தொடவில்லை. தண்ணீரைப் பார்த்தால் டப்பிலும் இளம்பச்சை. உடனே பாதித் தண்ணீரை மாற்றினார். சாயங்காலத்துக்குள் மறுபடி பச்சை. அடிக்கடி மாற்றினால் அந்த அதிர்ச்சியே மீனைக் கொன்றுவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். மாற்றினாலும் தப்பு, மாற்றாவிட்டாலும் தப்பு.

கடைக்காரருக்குப் போன் போட்டார். தொட்டியில் விட்டுவிடட்டுமா என்று கேட்டார். கடைக்காரர் இரண்டு தண்ணீரின் நிறத்தையும் விசாரித்துக்கொண்டார்.

"தொட்டி இன்னும் தயாராகலை சார். ஆனா அதுல தண்ணி ஜாஸ்தி, கிருமியும் வர ஆரம்பிச்சிருக்கு. விட்டாப் பிழைக்கலாம். விடாமலும் பிழைக்கலாம். என் வாயால சொல்லச் சொல்லாதீங்க."

அந்த வீட்டில் இந்த விஷயம் தெரிந்தவன் ஒருவன்தான். ஆவியண்ணன் இரண்டு குழாய்களையும் ஒரு தட்டில் நிறுத்தி, சக்கர நாற்காலியின் முன்னால் குனிந்து நின்று காட்டினார். இது டப்புத் தண்ணீர், இது தொட்டித் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னார். மேடம் எப்படி மூச்சு வாங்குகிறது என்று தன் வாயைத் திறந்து மூடிக் காட்டினார். பிறகு கேட்டார்.

"நீ சொல்லுப்பா. டப்புலயே இருக்கட்டுமா? தொட்டியில விடட்டுமா?"

தம்பி குழாய்களைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். இடது கை மேலே எழுந்தது. தொட்டியின் பக்கமாக நீண்டது.

"அது" என்றான்.

ஆவியண்ணன் மறுபடி கேட்டார். கை அதே பக்கம் நீண்டது. அதே சொல் வந்தது. கற்களைக் கொதிக்கவைத்த நாளில் இவன் சொன்னதைக் கேட்காமல் விட்டோம், இன்றைக்காவது கேட்போம் என்று நினைத்தார். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டப்பில் சேர்த்து மீன்களைப் பழக்கி, வலை போடாமல் கையாலேயே ஏந்தித் தொட்டியில் விட்டார்.

மேடம் முதலில் தடுமாறியது. பிறகு தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்தியது. சின்னவன் பின்னாலேயே போனது. இரண்டும் கண்ணாடியோரமாக, தம்பியின் கண்ணுக்கு நேரே திரும்பின. தம்பி சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது, ஆனாலும் சத்தம் வந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். அன்று தம்பி தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். ஆவியண்ணன் கூடத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் மத்தியானம் மேடம் கல்லின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு விட்டுவிட்டு அடித்தது. ஆவியண்ணன் கலந்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் மாற்றிப் பார்த்தார். காற்றை அதிகப்படுத்தினார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாமல், தம்பியின் பக்கத்தில் நின்று அவரும் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிவிடலாமா என்று மனைவி கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். சின்னவன் மேடத்தைச் சுற்றி வந்தது, மூக்கால் ஒருமுறை முட்டியது, பிறகு கல்லின் பின்னால் போய்விட்டது.

டப்பிலேயே இருந்திருந்தாலும் போயிருக்கும் என்று போனில் கடைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, "இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேடத்தை வெளியே எடுத்த பிறகு ஆவியண்ணன் ஸ்டூலை இழுத்துத் தம்பியின் முன்னால் உட்கார்ந்தார். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டார்.

"நேத்து என்ன சொன்னே நீ? அதுல விடுன்னுதானே சொன்னே? இல்ல, அது இன்னும் பச்சையா இருக்கு, விடாதேன்னு சொன்னியா?"

தம்பி அண்ணனை நேராகப் பார்த்தான். உதடு அசைந்தது. அந்த ஒற்றைச் சொல்லும் இந்தத் தடவை வெளியே வரவில்லை. கண்களில் நீர் திரண்டது. அது மேடத்துக்காகவா, சொல்ல முடியாததற்காகவா, அண்ணன் இப்படிக் கேட்டுவிட்டாரே என்பதற்காகவா என்று யாரால் சொல்ல முடியும்? இடது கையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வலது பக்கக் கன்னத்துக்கு அந்தக் கை எட்டவில்லை. ஆவியண்ணன் தன் துண்டால் துடைத்துவிட்டார். மறுபடி அவர் அதைக் கேட்கவேயில்லை.

சாயங்காலம் தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். இளம்பச்சைதான். சின்னவன் கல்லின் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போனது. சமையலறையில் அண்ணி பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஆவியண்ணன் வாளியை எடுத்து, நாளைக்கு வேண்டிய உப்புத் தண்ணீரைக் கலக்க ஆரம்பித்தார்.